போரைத் தடுக்கத் தொழிலாளியால் முடியுமா?

"சம்பளம், பஞ்சப்படி, போனஸ், வீட்டு வாடகைப்படி - இவற்றைக் கேட்டு வாங்கித் தருவதுதான் தொழிற்சங்கத்தின் வேலை. எந்த நாட்டுப் படை எந்த நாட்டுக்குள் புகுந்தால் சங்கத்துக்கு என்ன வந்தது? அது சர்க்கார் பார்த்துக்கொள்ள வேண்டிய விவகாரம்."

ஒர்க்‌ஷாப் வாசலிலும் ஆபீஸ் கேன்டீனிலும் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. இப்படிப் பேசுகிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள். மாதம் பிறந்தால் ஊரில் இருக்கும் தாய் தகப்பனுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் பணம் அனுப்ப வேண்டியவர்கள். ஒரு நாள் சம்பளம் பிடித்தமானால் அந்த மாதக் கணக்கே இடிக்கும். அவர்களிடம் போய் "உலக சமாதானத்துக்காக வேலையை நிறுத்துங்கள்" என்று சொன்னால் எரிச்சல் வருவது இயற்கை.

ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். போரை மந்திரி அறிவிக்கிறார், தளபதி நடத்துகிறார் என்பது பத்திரிகையில் வரும் செய்தி. குண்டு தானாக நடந்து போர்முனைக்குப் போவதில்லை. தொழிற்சாலையில் ஒரு தொழிலாளி அதை வார்க்கிறான். இன்னொருவன் பெட்டியில் அடைக்கிறான். குமாஸ்தா ஒருவன் அதற்கு ரசீது எழுதுகிறான். வேகனில் ஏற்றுகிறவன், ஷண்டிங் செய்கிறவன், குட்ஸ் வண்டியை ஓட்டுகிறவன், துறைமுகத்தில் கிரேனை இயக்குகிறவன், கப்பலின் அடித்தட்டில் வியர்வை வழிய நிற்கிறவன் - எல்லோரும் மாதச் சம்பளத்துக்கோ தினக்கூலிக்கோ உழைக்கும் மக்களே. பிடித்த நாட்டில் முகாம் போட்ட பிறகு, அந்த முகாமில் சோறு ஆக்குகிறவனும் துணி துவைக்கிறவனும்கூட எங்கிருந்தோ பிழைக்கப் போன கூலிக்காரன்தான்.

இத்தனை கைகளும் சேர்ந்தால்தான் ஒரு நாடு இன்னொரு நாட்டை ஆக்கிரமிக்க முடியும். இந்தக் கைகளில் சில மறுத்தால் என்ன நடக்கும்? சரித்திரத்தில் அப்படி மறுத்தவர்கள் உண்டு. அவர்களில் இந்தியர்களும் உண்டு.

டச்சுக் கப்பலும் இந்திய மாலுமிகளும்

1945 ஆகஸ்ட் 15-ந் தேதி ஜப்பான் சரணடைந்தது. இரண்டு நாள் கழித்து சுகர்ணோவும் ஹட்டாவும் இந்தோனேசியா சுதந்திர நாடு என்று பிரகடனம் செய்தார்கள். அந்தத் தீவுகளைப் பரம்பரைச் சொத்தாக நினைத்திருந்த டச்சுக்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை. ஜப்பானியர் வந்தபோது ஓடிப்போனவர்கள், ஜப்பானியர் தோற்றதும் பழைய நாற்காலியில் மறுபடி உட்காரப் புறப்பட்டார்கள். யுத்த காலத்தில் அவர்களுடைய காலனி நிர்வாகம் ஆஸ்திரேலியாவில் தஞ்சம் புகுந்திருந்தது. கப்பல், சிப்பாய், துப்பாக்கி எல்லாம் அங்கே தயாராக இருந்தன. துறைமுகத்தை விட்டுக் கிளம்புவது ஒன்றே பாக்கி.

அங்கேதான் சிக்கல் வந்தது. 1945 செப்டம்பரில் டச்சுக் கப்பல்களில் வேலை பார்த்த இந்தோனேசிய மாலுமிகள் இறங்கி விட்டார்கள். "எங்கள் நாட்டைப் பிடிக்கப் போகும் கப்பலை நாங்களே ஓட்டுவதா?" என்பது அவர்கள் கேள்வி. ஆஸ்திரேலியத் துறைமுகத் தொழிலாளர் சம்மேளனம் அவர்களுக்குக் கை கொடுத்தது. டச்சுக் கப்பலில் சரக்கு ஏற்றுவதில்லை என்று முடிவு எடுத்தது. இழுவைப் படகுக்காரர்கள், பழுது பார்க்கிறவர்கள் என்று மற்றச் சங்கங்களும் சேர்ந்துகொண்டன. பார்ஜ்களும் சிறு படகுகளும் உட்பட 500-க்கும் மேற்பட்ட கலங்கள் இந்தப் பகிஷ்காரத்தில் சிக்கியதாகக் கணக்கு.

டச்சுக் கம்பெனிகள் வேறு வழி தேடின. கிடைத்தது இந்திய மாலுமிகள். வெள்ளைக்கார மாலுமிக்குக் கொடுப்பதில் ஒரு சிறு பங்கே சம்பளம். எதிர்த்துப் பேசினால் அந்நிய நாட்டில் நடுத்தெருவில் நிற்க வேண்டும். இவர்களை மிரட்டி ஓட்டி விடலாம் என்று கம்பெனிகள் நினைத்தன. அந்த எண்ணம் பலிக்கவில்லை. சிட்னியில் இந்திய மாலுமிகளும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சங்கமும் அமைத்தார்கள். இந்திய மாலுமிகளோடு கிளம்பிய ஒரு கப்பலை, தொழிலாளர்கள் சிறு படகில் துரத்திப் போய், மாலுமிகளுக்குப் புரியும் மொழியில் கூவி அழைத்து விஷயத்தைச் சொன்னார்கள். கப்பல் திரும்பியது. இந்தப் போராட்டம் முழுவதையும் யோரிஸ் ஐவன்ஸ் என்ற டச்சுப் படத் தயாரிப்பாளர் 1946-ல் 'இந்தோனேசியா காலிங்' என்ற செய்திப் படமாக எடுத்தார். அவர் டச்சு காலனி அரசின் திரைப்படக் கமிஷனராக நியமிக்கப்பட்டவர். அந்தப் பதவியை உதறிவிட்டு இந்தப் படத்தை எடுத்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

அதே மாதங்களில் நடந்த இன்னொரு காரியம் மனதை உறுத்தக் கூடியது. டச்சுக்காரர் வந்து சேரும் வரை இந்தோனேசியாவைக் கட்டுப்பாட்டில் வைக்க, பிரிட்டிஷ் அரசு அனுப்பியது இந்தியப் பட்டாளத்தை. 1945 நவம்பரில் சுரபாயா நகரில் நடந்த கடும் சண்டையில் பிரிட்டிஷார் பக்கம் நின்று சுட்டவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். இந்தோனேசிய மக்கள் இன்றும் நவம்பர் 10-ந் தேதியை வீரர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

ஒரே நாட்டு மக்கள். ஒரே வறுமை. ஒருவன் பட்டாளத்தில் சேர்ந்தான். ஒருவன் கப்பலில் சேர்ந்தான். சிப்பாய்க்கு உத்தரவுதான் உண்டு, சங்கம் கிடையாது. மாலுமிக்குச் சங்கம் இருந்தது. அங்கே கூடிப் பேசி "மாட்டோம்" என்று சொல்ல முடிந்தது. தொழிற்சங்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

பம்பாய் கண்ட பிப்ரவரி

இந்தக் கதை பம்பாய்க்கும் வந்து சேர்ந்தது. 1946 பிப்ரவரி 18-ந் தேதி பம்பாயில் 'தல்வார்' கடற்படைப் பயிற்சி நிலையத்தில் இந்திய மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். முதல் புகார் சோறு பற்றியது. மோசமான சாப்பாடு, வெள்ளை அதிகாரிகளின் வசைமொழி, பிரிட்டிஷ் மாலுமிக்கு ஒரு சம்பளம் இந்திய மாலுமிக்கு ஒரு சம்பளம் - இவையெல்லாம் கோரிக்கைப் பட்டியலில் இருந்தன. ஆசாத் ஹிந்த் பட்டாளத்துக் கைதிகளை விடுதலை செய்ய வேண்டும் என்பதும், இந்தோனேசியாவில் இருக்கும் இந்தியத் துருப்புகளைத் திரும்ப அழைக்க வேண்டும் என்பதும் அதே பட்டியலில் இருந்தன.

பிப்ரவரி 22-ந் தேதி அவர்களுக்கு ஆதரவாகப் பம்பாய்த் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆலைகள் நின்றன. பட்டாளம் சுட்டது. அந்த ஓரிரு நாட்களில் நகரில் 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறுநாள், தலைவர்களின் ஆலோசனைப்படி மாலுமிகள் பணிந்தார்கள். பலர் வேலை இழந்தார்கள்.

நல்ல சோறு வேண்டும் என்ற கோரிக்கையும், அடுத்த நாட்டை மிதிக்காதே என்ற கோரிக்கையும் ஒரே தாளில் எழுதப்பட்டிருந்தன. இதைத்தான் கவனிக்க வேண்டும். அந்த மாலுமிகளுக்கு இரண்டும் வேறு வேறு விஷயமாகத் தோன்றவில்லை. தனக்கு அரைவயிற்றுச் சோறு போடுகிற அதே அதிகாரிதான் இந்தோனேசியனைச் சுடச் சொல்கிறான் என்பது அவர்களுக்கு விளங்கியிருந்தது.

ஈராக்: ஊர்வலமும் வேலைநிறுத்தமும்

அரை நூற்றாண்டு கழித்து ஈராக். 2003 பிப்ரவரி 15-ந் தேதி உலகில் 600-க்கும் மேற்பட்ட நகரங்களில் யுத்த எதிர்ப்பு ஊர்வலங்கள் நடந்தன. லண்டனிலும் ரோமாபுரியிலும் லட்சக்கணக்கான மக்கள் தெருவை அடைத்து நின்றார்கள். அதுவரை உலகம் அப்படி ஒரு நாளைக் கண்டதில்லை. ஐந்து வாரம்கூட ஆகவில்லை. மார்ச் 20-ந் தேதி படையெடுப்பு தொடங்கிவிட்டது. ஏப்ரல் 9-ந் தேதி பாக்தாத் வீழ்ந்தது. ஊர்வலம் போனவர்கள் வீடு திரும்பினார்கள். மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போனார்கள். குண்டு ஏற்றிய வண்டிகளும் வழக்கம்போல் ஓடின.

எல்லா வண்டிகளும் ஓடின என்று சொல்ல முடியாது. அந்த ஆண்டு ஜனவரியில் ஸ்காட்லாந்தில் மதர்வெல் என்ற ஊரைச் சேர்ந்த இரண்டு ரயில் டிரைவர்கள் ஒரு குட்ஸ் வண்டியை எடுக்க மறுத்தார்கள். அதில் இருந்தது வெடிமருந்து. வளைகுடாவுக்குப் போகும் படைக்கானது என்று அவர்கள் நம்பினார்கள். போக வேண்டிய இடம் கிளென் டக்ளஸ் ராணுவக் கிடங்கு. அதிகாரிகள் சங்கத் தலைவர்களைக் கூப்பிட்டு, டிரைவர்களுக்குப் புத்தி சொல்லும்படி கேட்டார்கள். டிரைவர்கள் மசியவில்லை. பிப்ரவரி மாதக் கடைசியில் இத்தாலியில் விசென்சா நகர் அமெரிக்க முகாமிலிருந்து பீசா அருகேயுள்ள முகாமுக்கு ஆயுதம் ஏற்றிச் சென்ற ரயில்களைப் பொதுமக்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்து மறித்தார்கள். ரயில்வே தொழிலாளர்களும் அவர்களுக்குத் துணை நின்றார்கள்.

இரண்டு டிரைவர்கள் என்ன செய்துவிட முடியும் என்று சிரிக்கலாம். ஆனால் லட்சம் பேர் ஊர்வலத்தை ஜன்னல் வழியே பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்ட அதிகாரி, இரண்டு டிரைவர்களுக்காகத் தொலைபேசியை எடுக்க வேண்டி வந்தது. ஊர்வலத்தால் அரசின் மானம் போகும்; வண்டி நின்றால் அதன் காரியம் கெடும்.

முதலாளி ஒருவனே

இதைவிடப் பெரிய காரியத்தைச் செய்தவர்கள் அமெரிக்க மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர்கள். அவர்களுடைய கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும்.

2002 செப்டம்பர் கடைசியில், ஒப்பந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே, மேற்குக் கரைத் துறைமுக முதலாளிகள் கதவை அடைத்துத் தொழிலாளர்களை வெளியே நிறுத்தினார்கள். 10 நாள் கதவடைப்பு. அதன்பின் ஜனாதிபதி புஷ், டாப்ட்-ஹார்ட்லி சட்டத்தின் பேரில் கோர்ட் உத்தரவு வாங்கித் துறைமுகத்தைத் திறந்தார். துறைமுகம் நின்றால் தேசப் பாதுகாப்பு என்ன ஆகும் என்று அரசு தரப்பில் சொல்லப்பட்டது. கதவை அடைத்தது முதலாளி. பாதுகாப்புப் பாடம் கேட்க வேண்டியிருந்தது தொழிலாளி.

அந்த முதலாளிகள் கூட்டத்தில் ஒரு கம்பெனி, ஸ்டீவடோரிங் சர்வீசஸ் ஆப் அமெரிக்கா. 2003 மார்ச் மாதம், படையெடுப்பு தொடங்கிய சில நாட்களுக்குள், ஈராக்கின் உம் கஸ்ர் துறைமுகத்தை நடத்தும் ஒப்பந்தம் இதே கம்பெனிக்குக் கிடைத்தது. தொகை 48 லட்சம் டாலர். சியாட்டிலில் தொழிலாளியோடு மல்லுக்கு நின்ற முதலாளி, பட்டாளத்தின் பின்னாலேயே ஈராக் தொழிலாளிக்கும் முதலாளியாகப் போய் இறங்கினார்.

ஈராக் தொழிலாளியின் நிலை என்ன? சதாம் உசேன் 1987-ல் ஒரு சட்டம் போட்டார். சட்ட எண் 150. அரசுத் துறைத் தொழிலாளர்கள் இனி தொழிலாளர்கள் அல்லர், அரசு ஊழியர்கள். ஆகவே அவர்களுக்குச் சங்கம் கிடையாது என்பது அதன் சாரம். எண்ணெய், ரயில், துறைமுகம், மின்சாரம் எல்லாம் அரசிடம் இருந்த நாட்டில் இதற்கு என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை. சதாமின் சிலைகளைச் சாய்த்த ஆக்கிரமிப்பு நிர்வாகம் அவருடைய பல சட்டங்களையும் மாற்றியது. அந்நிய முதலாளி, எண்ணெய் முதலிய இயற்கை வளம் நீங்கலான தொழில்களை நூற்றுக்கு நூறு சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்று 2003 செப்டம்பரில் புது உத்தரவு போட்டது. ஆனால் சங்கத்தைத் தடை செய்த அந்த 1987 சட்டத்தின் மேல் மட்டும் கை வைக்கவில்லை. கொடுங்கோலனுக்கும் அவனைத் தூக்கி எறிய வந்தவனுக்கும் எல்லாவற்றிலும் பகை; இந்த ஒன்றில் மட்டும் ஒற்றுமை! 2003 டிசம்பரில் பாக்தாத்தில் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் அலுவலகத்துக்குள் அமெரிக்கப் பட்டாளம் புகுந்து நிர்வாகிகளைப் பிடித்துச் சென்றது, பிறகு விட்டுவிட்டது.

இன்னொரு பக்கம் ஆயுதக் கும்பல்களின் மிரட்டல். அந்தக் கூட்டமைப்பின் சர்வதேசச் செயலாளர் ஹாதி சாலே 2005 ஜனவரியில் பாக்தாத்தில் தம் வீட்டிலேயே கொடூரமாகக் கொல்லப்பட்டார். சங்கங்களுக்குள்ளும் ஒரே கருத்து இருக்கவில்லை. அந்நியப் படை உடனே போக வேண்டும் என்றது பாஸ்ரா எண்ணெய்த் தொழிலாளர் சங்கம். படிப்படியாகப் போகட்டும் என்றவர்களும் இருந்தார்கள். இரு பக்கமும் அடி வாங்கிக்கொண்டுதான் அந்த மனிதர்கள் சங்கம் நடத்தினார்கள்.

மே தினம், 2008

இந்தச் சூழ்நிலையில்தான் 2008 மே தினம் வந்தது. ஈராக்கிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் படை திரும்ப வேண்டும் என்று கேட்டு, அன்று பகல் ஷிப்டில் வேலை செய்வதில்லை என்று அமெரிக்க மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர்கள் தீர்மானித்தார்கள். முதலாளிகள் ஆட்சேபித்தார்கள். வேலைக்குப் போக வேண்டும் என்று மத்தியஸ்தர் உத்தரவு போட்டார். தொழிலாளர்கள் போகவில்லை. கனடா எல்லையிலிருந்து மெக்சிகோ எல்லை வரை 29 துறைமுகங்களில் கிரேன்கள் அசையாமல் நின்றன. கிட்டத்தட்ட 25,000 உறுப்பினர்கள் ஒரு நாள் கூலியை விட்டார்கள். அதே நாளில் ஈராக்கில் உம் கஸ்ர் துறைமுகத் தொழிலாளர்கள் ஒரு மணி நேரம் வேலையை நிறுத்தி அவர்களுக்கு ஆதரவு தெரிவித்தார்கள்.

பகை நாடுகள் என்று சொல்லப்பட்ட இரண்டு நாடுகளின் தொழிலாளர்கள் ஒரே நாளில் ஒரே காரணத்துக்காக வேலையை நிறுத்தினார்கள். ஒரு பக்கம் எட்டு மணி நேரம், மறுபக்கம் ஒரு மணி நேரம். சங்கமே சட்டவிரோதம் என்று சொல்லப்பட்ட நாட்டில் அந்த ஒரு மணி நேரத்தின் விலை அதிகம்.

பலன் என்ன?

"சரி, இத்தனை செய்தும் போர் நின்றதா?" என்று கேட்பது நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்து டிரைவர்கள் மறுத்து பத்து வாரத்தில் போர் தொடங்கியது. அமெரிக்கத் துறைமுகங்கள் ஒரு நாள் நின்ற பிறகும் மூன்றரை ஆண்டுகள், 2011 டிசம்பர் வரை, அமெரிக்கப் படை ஈராக்கில் இருந்தது. இந்தோனேசியாவிலும் டச்சுக்காரர்கள் 1947-லும் 1948-லும் பெரும் தாக்குதல் நடத்தினார்கள். 1949 டிசம்பர் 27-ந் தேதிதான் கடைசியாக விட்டுக் கொடுத்தார்கள். ஒரு சங்கத்தின் தீர்மானத்தால் மட்டும் எந்தப் போரும் நின்றதில்லை.

ஆனால் கணக்கின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1945-ன் கடைசி மாதங்கள் புதிய இந்தோனேசியக் குடியரசுக்கு உயிருக்குப் போராடிய மாதங்கள். டச்சுக் கப்பல்கள் ஆஸ்திரேலியத் துறைமுகத்தில் முடங்கிய ஒவ்வொரு வாரமும் அந்தக் குடியரசு மூச்சு விடக் கிடைத்த வாரம். ஈராக்கில் எண்ணெய் வளத்தில் அந்நியக் கம்பெனிகளுக்கு நீண்ட காலப் பங்கு தர வழி செய்யும் மசோதாவுக்கு 2007 பிப்ரவரியில் அங்குள்ள மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தது. எண்ணெய்த் தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். அந்த ஜூன் மாதம் பாஸ்ராவில் குழாய்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, பட்டாளம் அவர்களைச் சூழ்ந்தது. தலைவர்களைக் கைது செய்ய உத்தரவு பிறந்தது. அவர்களுடைய கோரிக்கைகளில் போனஸ் இருந்தது, வீட்டு மனை இருந்தது, எண்ணெய்ச் சட்டம் பற்றித் தொழிலாளர்களைக் கலந்து பேச வேண்டும் என்பதும் இருந்தது. பம்பாய் மாலுமிகளின் தாளைப் போலவே இதுவும்! அந்த மசோதா சட்டமாக நிறைவேறவில்லை. அதற்குத் தொழிலாளர் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. கட்சிகளின் சண்டையும், குர்துப் பகுதியின் பங்குத் தகராறும் சேர்ந்த காரணம். ஆனால் மூடிய அறைக்குள் முடிந்துவிட வேண்டிய விஷயத்தைச் சந்திக்கு இழுத்து வந்தவர்களில் தொழிலாளர்கள் முக்கியமானவர்கள்.

மாறிய மனமும் உண்டு. வியட்நாம் போரின்போது அமெரிக்காவின் பெரிய தொழிற்சங்கச் சம்மேளனம் அரசின் பக்கம் நின்றது. 1970 மே 8-ந் தேதி நியூயார்க்கில் கட்டடத் தொழிலாளர்கள் யுத்த எதிர்ப்பு மாணவர்களை அடித்த கேவலமும் நடந்தது. அதே சம்மேளனம் 2005 ஜூலையில் சிகாகோ மாநாட்டில், ஈராக்கிலிருந்து படையை விரைவாகத் திரும்ப அழைக்கத் தீர்மானம் போட்டது. அந்த மாற்றம் தானாக வரவில்லை. கீழ்மட்டச் சங்கங்கள் இரண்டரை ஆண்டுகள் ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பேசின. ஈராக் தொழிற்சங்கத் தலைவர்களையே அழைத்து வந்து தொழிலாளர் முன் நிறுத்தின. யாரைக் கொல்லப் போகிறோமோ அந்த மனிதனும் பஞ்சப்படிக்கும் பென்ஷனுக்கும் அலைகிறவன் என்று நேரில் பார்த்த பிறகு, பகை என்ற பேச்சு எடுபடவில்லை.

இந்தியத் தொழிலாளிக்கு என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. 2003-ல் ஈராக்குக்கு இந்தியப் பட்டாளத்தை அனுப்பும்படி அமெரிக்கா கேட்டது. சுமார் 17,000 பேர் என்று பேச்சு. 1945 சுரபாயாவின் மறு பதிப்பாக அது இருந்திருக்கும். அதற்கு முன்பே, 2003 ஏப்ரல் 8-ந் தேதி, மக்களவை அந்தப் படையெடுப்பைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. எதிர்க்கட்சிகளும் தொழிற்சங்கங்களும் பொதுமக்களும் கடுமையாக எதிர்த்த நிலையில், ஜூலை 14-ந் தேதி, ஐக்கிய நாடுகள் சபையின் வெளிப்படையான ஆணை இல்லாமல் படை அனுப்ப முடியாது என்று அரசு சொல்லிவிட்டது. அன்று அந்தச் சொல் வராமல் போயிருந்தால் எத்தனை கிராமங்களுக்குச் சவப்பெட்டி வந்திருக்கும்!

சிப்பாய் போகவில்லை; கூலிக்காரன் போனான். வளைகுடா வேலை என்று ஏஜெண்டிடம் பணம் கட்டிப் போன இந்தியரும் நேபாளியரும் ஈராக் முகாம் வேலைகளில் சிக்கினார்கள். 2004 ஜூலையில் குவைத் கம்பெனி ஒன்றின் லாரி டிரைவர்களான மூன்று இந்தியர்கள், வேறு நாட்டார் நால்வருடன் ஈராக்கில் பிணைக் கைதிகளாகப் பிடிபட்டு, ஆறு வாரம் கழித்து உயிரோடு திரும்பினார்கள். அந்த ஆகஸ்ட் மாதக் கடைசியில் நேபாளத் தொழிலாளர்கள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்கள் யாருடைய நாட்டையும் பிடிக்கப் போனவர்கள் அல்லர். சமைக்கவும் துடைக்கவும் போனவர்கள்.

இங்கேதான் தொழிற்சங்கங்கள் கண் திறந்து பார்க்க வேண்டிய விஷயம் இருக்கிறது. நிரந்தரத் தொழிலாளி மறுப்பான் என்று தெரிந்தால், போர் நடத்துகிறவன் ஒப்பந்தக்காரனிடம் போகிறான். ஒப்பந்தக்காரன், மறுக்க முடியாதவனைத் தேடிப் போகிறான். பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்தவன், ஊரில் வட்டிக்குக் கடன் வாங்கியவன், சங்கம் என்ற சொல்லே அறியாதவன் - அவன் எப்படி மறுப்பான்? 1945-ல் டச்சுக் கம்பெனி இந்திய மாலுமியைத் தேடியதும் இதே கணக்கில்தான். அன்று அந்தக் கணக்கு தப்பியதற்குக் காரணம், துறைமுகச் சங்கம் அந்த மாலுமிகளைப் போட்டிக்கு வந்த கூலி என்று விரட்டாமல் தன் ஆளாகச் சேர்த்துக்கொண்டதுதான். சக தொழிலாளியான காண்டிராக்ட் கூலியைச் சங்கத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு, உலக சமாதானத் தீர்மானம் போடுவதில் அர்த்தமில்லை.

சட்டம் இடம் கொடுக்குமா என்பது அடுத்த கேள்வி. ரயிலிலோ துறைமுகத்திலோ வேலையை நிறுத்துவதன் விலை இந்தியத் தொழிலாளிக்குத் தெரியும். 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்தில் சிறை போனவர்களும், வேலை இழந்தவர்களும், குவார்ட்டர்ஸிலிருந்து குடும்பத்தோடு விரட்டப்பட்டவர்களும் ஆயிரக்கணக்கானோர். அது சம்பளத்துக்கும் போனஸுக்கும் நடந்த போராட்டம். போர்ச் சரக்கு என்றால் தேசத்துரோகி என்ற பட்டமும் சேர்ந்து வரும். ஆகவே ஒருவர் தனியாக வீரம் காட்டக் கூடிய காரியம் அல்ல இது. சங்கம் கூடி, பேசி, எல்லோரும் ஏற்று, விலையையும் பங்கு போட்டுக்கொண்டு செய்ய வேண்டியது. 2024 பிப்ரவரியில் இந்தியாவின் பெரிய துறைமுகங்களில் உறுப்பினர்களைக் கொண்ட நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம், காஸாவில் போர் நடத்தும் இஸ்ரேலுக்கான ஆயுதச் சரக்கை ஏற்றவோ இறக்கவோ மாட்டோம் என்று அறிவித்தது. அது 11 துறைமுகங்களில் 3,500-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் சங்கம். அப்படிச் சொல்ல இன்றும் முடியும் என்பதற்கு இது அத்தாட்சி.

எல்லோரும் துறைமுகத்தில் இல்லை. எல்லோருடைய கையிலும் குண்டுப் பெட்டி வந்து சேர்வதில்லை. பேரேடு எழுதும் குமாஸ்தாவும், மில்லிலும் ஒர்க்‌ஷாப்பிலும் நிற்கிறவரும் செய்யக் கூடியது சிறிய காரியமாகத் தோன்றலாம். கிளைக் கூட்டத்தில் போனஸ் விஷயத்துக்குப் பிறகு பத்து நிமிஷம் இதைப் பற்றிப் பேசலாம். ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டுச் சங்கத்துக்கு ஒரு கடிதமும், வேலை இழந்த தொழிலாளிக்கு ஒரு சிறு நிதியும் அனுப்பலாம். வேலை மறுத்தவனை நிர்வாகம் பழிவாங்கினால் கூட நிற்கலாம். ஊரிலிருந்து வெளிநாடு கிளம்பும் பையனிடம், போகிற இடத்தில் எந்தக் கம்பெனி, யாருடைய முகாம் என்று விசாரித்துவிட்டுப் போகச் சொல்லலாம்.

அமெரிக்கத் துறைமுகத் தொழிலாளர்களின் 2008 முடிவும் முதலில் இப்படி ஒரு கூட்டத்தில் யாரோ எழுந்து கேட்ட கேள்வியாகத்தான் இருந்திருக்கும். சம்பளம் கேட்கும் சங்கம் சமாதானத்தையும் கேட்கட்டும். 1946-ல் பம்பாய் மாலுமிகள் இரண்டையும் ஒரே தாளில் எழுதினார்கள். அந்தத் தாளை மறுபடியும் எடுத்து எழுதுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.